போனைச் சாய்த்துக் குண்டு உருட்டும் விளையாட்டு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரையில் ஒரு மரப்பலகை. அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள், சுவர்களுக்கு நடுவே சந்துகள், சந்துகளில் அங்கங்கே ஓட்டைகள். ஒரு மூலையில் இரும்புக் குண்டு நிற்கிறது. போனை இடது பக்கம் சாய்த்தால் குண்டு இடது பக்கம் உருளும், நம் பக்கம் சாய்த்தால் நம்மை நோக்கி வரும். எந்த ஓட்டையிலும் விழாமல் அதை முடிவுக் குழிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பட்டன் கிடையாது, திரையைத் தொடவும் வேண்டாம்.

விதி இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முதல் லெவலில் குண்டு நாலு தடவை ஓட்டையில் விழுந்ததும் "சென்சார் சரியில்லை போல" என்று செயலியை நீக்கிவிடுகிறார்கள். சென்சார் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். குண்டை உருட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்தத்தான் பழக வேண்டும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

இந்த விளையாட்டின் பூர்வீகம்

கண்ணாடி மூடிய சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று திருவிழாக் கடைகளில் விற்கும். உள்ளே குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள். டப்பாவை ஆட்டி ஆட்டி அவற்றைக் குழிகளில் உட்கார வைக்க வேண்டும். அந்த வகைக்கு வயது அதிகம். 1889-இல் அமெரிக்கப் பொம்மைத் தயாரிப்பாளர் சார்லஸ் கிராண்டல் 'பிக்ஸ் இன் குளோவர்' என்ற ஒன்றை வெளியிட்டார். வட்ட வட்டமான வேலிகளின் இடைவெளி வழியாகக் கோலிகளை நடுவிலுள்ள பட்டிக்குள் சேர்க்கும் விளையாட்டு அது. அந்த வருடம் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சாக இருந்தது.

போனில் நாம் ஆடுவதற்கு நேர் மூதாதை, ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த லேபிரிந்த் மரப்பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு திருகுகள். ஒன்றைத் திருப்பினால் பலகை இடம் வலமாகச் சாயும், இன்னொன்றைத் திருப்பினால் முன் பின்னாகச் சாயும். பலகையில் 60 ஓட்டைகள். இந்த இரண்டு திருகுகளையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2000-இல் நின்டெண்டோ நிறுவனம் 'கிர்பி' என்ற பாத்திரம் வரும் ஒரு விளையாட்டின் கேட்ரிட்ஜுக்குள்ளேயே (கருவியில் செருகும் விளையாட்டு அட்டை) சாய்வு சென்சாரை வைத்து, 'கேம் பாய் கலர்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியையே சாய்த்து ஆட வைத்தது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோது, ஆரம்பத்திலேயே வந்த விளையாட்டுகளில் ஒன்று சேகா நிறுவனத்தின் 'சூப்பர் மங்கி பால்'. போனைச் சாய்த்து, குரங்கு உள்ளே இருக்கும் உருண்டையை உருட்டும் விளையாட்டு அது. அதே ஆண்டில் ஸ்வீடனின் மால்மோ நகரிலிருந்து இல்யூஷன் லேப்ஸ் என்ற நிறுவனம் 'லேபிரிந்த்' என்ற பெயரிலேயே பழைய மரப்பெட்டியை ஐபோன் திரைக்குக் கொண்டுவந்தது. இன்று பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் 'லேபிரிந்த்', 'டில்ட் மேஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எதில் தொடங்கினாலும் பரவாயில்லை. இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

போனுக்குச் சாய்வு எப்படித் தெரிகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் முன்கூட்டியே தீர்ந்துவிடும். போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சில்லு இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய மிகமிகச் சிறிய எடை ஒன்று, அதைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. எடை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை மின்சார அளவாக மாற்றி மூன்று திசைகளிலும் சொல்வதுதான் அந்தச் சில்லின் வேலை. போனை மேஜையில் மல்லாக்க வைத்தால் புவியீர்ப்பு முழுவதும், அதாவது 9.8 என்ற எண், திரைக்குச் செங்குத்தான திசையில் தெரியும். மற்ற இரண்டு திசைகளிலும் பூஜ்யம். வலது பக்கம் 5 டிகிரி சாய்த்தால் பக்கவாட்டுத் திசையில் ஏறத்தாழ 0.85 வரும். 10 டிகிரிக்கு 1.7. 30 டிகிரிக்கு 4.9. விளையாட்டு இந்த எண்ணை எடுத்துக் குண்டின் மேல் தள்ளுவிசையாகப் போடுகிறது.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாகவே புரியும். முதலாவது, ஓடும் பேருந்தில் இந்த விளையாட்டு சரிப்படாது. புவியீர்ப்பு எது, வண்டியின் இழுப்பு எது என்று அந்தக் குட்டி எடைக்குத் தெரியாது. ஓட்டுநர் சாதாரணமாக பிரேக் பிடித்து வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 2 மீட்டர் வீதம் குறைந்தாலும், உங்கள் போனை யாரோ 11, 12 டிகிரி சாய்த்துவிட்ட மாதிரிதான் குண்டு ஓடும். சீரான வேகத்தில் நேராகப் போகும் ரயிலில் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

இரண்டாவது, போனை ஏறக்குறைய மட்டமாகப் பிடிக்கும்போதுதான் அது சின்னச் சாய்வைக்கூட நன்றாகப் பிடிக்கிறது. போட்டோ எடுப்பது போல நிமிர்த்தி, 60 டிகிரியில் பிடித்தால், முன்பின் சாய்வுக்கு அதே கையசைவில் பாதி பலன்தான் கிடைக்கும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஆட முடியாததற்கும் இதுவே காரணம்: போனின் ஒரு விளிம்பு தரையைப் பார்த்தபடி நிற்கும், அந்தத் திசையின் எண் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு நெளித்தாலும் பெரிய மாற்றம் தெரியாது.

மூன்றாவது, நல்ல செய்தி. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஜைரோஸ்கோப் (போன் சுழல்வதை அளக்கும் சென்சார்) இருக்காது. குண்டு உருட்ட அது தேவையும் இல்லை. ஆக்சிலரோமீட்டர் போதும், அது இல்லாத ஸ்மார்ட்போனைப் பார்ப்பது அரிது. இந்த விளையாட்டுக்காகப் புது போன் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் படி: போனைத் தயார் செய்யுங்கள்

ஆட்டோ ரொட்டேட்டை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டியலில் இருக்கும், ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் பூட்டுப் படத்தோடு இருக்கும். நன்றாக எழுதப்பட்ட விளையாட்டு திரையைத் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் பிரவுசரில் ஆடும் விளையாட்டுகளில், குண்டு ஓட்டையை நெருங்கும் நேரம் பார்த்துத் திரை சுழன்று படுத்துக்கொள்ளும். அப்புறம், பிரவுசர் விளையாட்டுகளுக்கு ஸ்கிரீன் டைம்அவுட்டையும் இரண்டு நிமிடத்துக்குக் கூட்டிவையுங்கள். திரையைத் தொடாமலே ஆடுவதால், நீங்கள் போனைக் கீழே வைத்துவிட்டீர்கள் என்று அது நினைத்து மங்கிவிடும்.

ஐபோனில் சஃபாரி வழியாக ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஓஎஸ் 13 முதல், ஒரு வலைப்பக்கம் உங்கள் போனின் அசைவைப் படிக்க வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். நீங்கள் தொடக்கப் பட்டனைத் தொட்டதும் அந்தக் கேள்வி வரும். அவசரத்தில் 'கேன்சல்' தொட்டுவிட்டால் குண்டு அசையவே அசையாது. சஃபாரியை முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறந்து, அனுமதி கொடுங்கள்.

அனுமதி என்றதும் இன்னொன்று. ஆண்ட்ராய்டில் ஆக்சிலரோமீட்டரைச் சாதாரணமாகப் படிக்க ஒரு செயலிக்கு எந்த அனுமதியும் தேவைப்படாது. ஆகவே, குண்டு உருட்டும் விளையாட்டு உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், அதற்கும் சாய்வுக்கும் சம்பந்தம் இல்லை. மறுத்துவிடுங்கள். மறுத்தால் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் விளையாட்டை நீக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். இலவசமாக நிறைய இருக்கின்றன.

சென்சார் மீது உண்மையிலேயே சந்தேகமா? சோதித்துவிடலாம். ஐபோனில் 'மெஷர்' செயலிக்குள் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போல ஒரு பகுதி இருக்கிறது, டிகிரியிலேயே காட்டும். சாம்சங் போன்கள் பலவற்றில் எண் அழுத்தும் இடத்தில் *#0*# என்று போட்டால் சோதனைப் பட்டியல் திறக்கும், அதில் 'சென்சார்' பகுதியைத் தொடுங்கள். எல்லாப் போன்களுக்கும் பொதுவாக, ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதில் புவியீர்ப்போடு சேர்த்து முடுக்கத்தைக் காட்டும் சோதனையைத் திறந்து போனை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மேலே சொன்ன 0.85, 1.7 எல்லாம் கண் முன்னால் ஏறி இறங்கும். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் வெறும் எண்ணாகப் படித்த 9.8-ஐ நேரில் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: உட்காருங்கள், பிடியுங்கள், மட்டம் சொல்லுங்கள்

நின்றுகொண்டு ஆடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டியோ தொடைமேல் ஊன்றியோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் போனின் இரண்டு ஓரங்களைப் பிடியுங்கள். கட்டைவிரல்கள் ஓரத்தில் இருக்கட்டும், திரைமேல் வேண்டாம். சாய்ப்பது மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தோளிலிருந்து வந்தால் அசைவு பெரிதாகிவிடும், பத்து நிமிடத்தில் கழுத்தும் வலிக்கும்.

இப்போது மிக முக்கியமான காரியம்: காலிப்ரேஷன். எந்த நிலையில் போன் இருந்தால் குண்டு சும்மா நிற்க வேண்டும் என்று விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இது. அமைப்புகளில் 'காலிப்ரேட்' அல்லது 'ரீசென்டர்' என்று இருக்கும். பலர் இதைத் தொடுவதே இல்லை. தொடுபவர்களும் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தொடுகிறார்கள். அதில் இரண்டு தொல்லைகள். மேஜைமேல் மட்டமாகக் கிடக்கும் போனைப் பார்த்தபடி யாரும் ஆடுவதில்லை. கையில் எடுத்ததும் இயல்பாகவே மேல் விளிம்பு சற்று உயர்ந்திருக்கும், உடனே குண்டு உங்களை நோக்கி உருளத் தொடங்கிவிடும்.

இன்னொரு தொல்லை கேமரா. இப்போதைய போன்களின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு நிற்கிறது. உறை இல்லாத போனை மேஜையில் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், ஆடும். 2 மில்லிமீட்டர் புடைப்பு, அது இருக்கும் இடத்துக்கும் எதிர் விளிம்புக்கும் 14 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்தால், போன் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்தே கிடக்கிறது. பார்த்தால் தெரியாது, குண்டுக்குத் தெரியும். அந்தச் சாய்வையே மட்டம் என்று சொல்லிக்கொடுத்தால், பிறகு உண்மையான மட்டத்தில் பிடிக்கும்போது அது மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, ஆடப்போகும் இடத்தில், ஆடப்போகும் விதத்தில் உட்கார்ந்து, மேல் விளிம்பு 15 முதல் 20 டிகிரி உயர்ந்திருக்க, திரையில் விளக்கு வெளிச்சம் பளபளக்காத கோணத்தில் பிடித்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பட்டனைத் தொடுங்கள். இடம் மாறினால், சாய்வு நாற்காலிக்குப் போனால், மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு முறை ஆடத் தொடங்கும்போதும் செய்தாலும் தப்பில்லை, நான் அப்படித்தான் செய்கிறேன்.

மூன்றாம் படி: போனை வைத்துவிட்டுத் தட்டை எடுங்கள்

விளையாட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. விளிம்புள்ள எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்று, கோலிக்குண்டு ஒன்று. தட்டின் நடுவில் கோலியை வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வலது பக்கம் சாய்த்துப் பாருங்கள். கோலி ஓடத் தொடங்கியதும் தட்டை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கோலி நிற்கிறதா? நிற்காது. போய் விளிம்பில் முட்டும்.

தட்டை மட்டமாக்கினால் கோலியின் வேகம் கூடுவது நிற்கும், அவ்வளவுதான். வந்த வேகம் அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயம் கைக்குத் தெரியாததால்தான் புதியவர்களின் குண்டு ஓட்டைக்குள் போகிறது. அவர்கள் போனை மட்டமாக்கிவிட்டு, நின்றுவிடும் என்று காத்திருக்கிறார்கள்.

இப்போது மறுபடி. வலது பக்கம் சாய்த்து மனதுக்குள் "ஒன்று, இரண்டு" சொல்லுங்கள். உடனே அதே அளவு இடது பக்கம் சாய்த்து "ஒன்று, இரண்டு". பிறகு மட்டம். கோலி கிட்டத்தட்ட நின்றுவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு சாய்த்துத் தள்ளினோமோ, அவ்வளவு நேரம் அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்த்தால் கணக்கு நேராகிறது. உராய்வு கொஞ்சம் உதவுவதால் எதிர்ச்சாய்வு சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். இடம் வலம் வந்த பிறகு முன் பின் பழகுங்கள். கண் தட்டை நம்புவதை விட்டுக் கோலியை நம்பத் தொடங்கும்போது பயிற்சி போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

சரி, இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். முதல் லெவலைத் திறந்து, முடிக்க முயலாதீர்கள். ஓட்டை இல்லாத ஒரு நேர்ச்சந்தைத் தேர்ந்தெடுத்து, குண்டைச் சந்தின் நடுவில், சுவர் எதையும் தொடாமல் நிறுத்துங்கள்.

எங்கே எதிர்ச்சாய்வைத் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நிற்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் என்று கை சொல்லும். கையின் பேச்சைக் கேட்காதீர்கள். தள்ளியதும் பிடிப்பதும் ஒரே அளவாக இருந்தால், போக வேண்டிய தூரத்தின் சரிபாதியில் எதிர்ச்சாய்வு தொடங்க வேண்டும். பாதி வழிதான் ஆகியிருக்கிறது, அதற்குள் பிடிப்பதா என்று மனம் ஒப்பாது. ஒப்ப வைப்பதுதான் பயிற்சி.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதையும் பாருங்கள். உண்மையான இரும்புக் குண்டை 5 டிகிரிச் சாய்வில் விட்டால் அரை நொடியில் ஏழரை சென்டிமீட்டர் உருண்டிருக்கும். உங்கள் போனின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். 5 டிகிரி என்பது கண்ணுக்குச் சாய்வாகவே தோன்றாத அளவு. எனவே அசைவுகள் சின்னதாக இருக்க வேண்டும், முன்கூட்டியே வர வேண்டும். குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் தாமதம்தான் ஆகும். குண்டு அடுத்து நிற்க வேண்டிய இடத்தில் பார்வையை வையுங்கள், குண்டு ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: சுவரில் சாய்ந்து நடங்கள், மூலையில் இளைப்பாறுங்கள்

புதியவர்கள் சந்தின் நடுவிலேயே போக முயல்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுவர் இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் போவது வீண் சிரமம். குண்டைச் சுவரோடு ஒட்டி லேசாக அழுத்திக்கொண்டே முன்னால் சாய்த்தால், ஒரு திசையைச் சுவர் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு மிச்சம் ஒரு திசைதான்.

இங்கேதான் பிரியோ பெட்டியின் இரண்டு திருகுகள் நினைவுக்கு வர வேண்டும். அங்கே இடம் வலத்துக்கு ஒரு கை, முன் பின்னுக்கு இன்னொரு கை, தனித்தனி. போனில் இரண்டும் ஒரே பிடியில் கலந்துவிடுகின்றன. முன்னால் சாய்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பலரும் தெரியாமலே வலது பக்கமும் சேர்த்துச் சாய்க்கிறார்கள், பலமான கை இழுக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்று கைக்குப் பழக்குங்கள். குண்டைச் சுவரில் ஒட்டி வைப்பது அந்தப் பழக்கத்துக்குப் பெரிய உதவி.

இரண்டு சுவர்கள் கூடும் மூலை இந்த விளையாட்டிலேயே பத்திரமான இடம். மூலையை நோக்கிச் சாய்த்துப் பிடித்திருக்கும்வரை குண்டு அங்கிருந்து நகராது. அங்கே நிறுத்தி, தோளைத் தளர்த்தி, அடுத்த பகுதியைப் பாருங்கள். ஒரு லெவலை மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூலைக்கு மூலை என்று பிரித்துக்கொண்டால் நாலைந்து சின்னப் பயணங்கள்தான். அதிலும், முடிவுக் குழியிலிருந்து பின்னோக்கி மூலைகளைத் தேடிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து பார்த்தால் கண் வழி தவறும் முட்டுச்சந்துகள், முடிவிலிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் கண்ணிலேயே படாது. இதைச் செய்யும்போது விளையாட்டை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள்.

ஆறாம் படி: ஓட்டையைத் தாண்டுவது

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். குண்டு கீழிருந்து மேலே போக வேண்டும். சந்தின் வலது ஓரத்தில் ஓர் ஓட்டை, இடது ஓரத்தில் சுவர். ஓட்டைக்கும் சுவருக்கும் நடுவே குண்டு போகும் அளவுக்குச் சற்று அதிகமான இடம்.

முதலில் குண்டைக் கீழ் இடது மூலையில் உட்கார வையுங்கள். இடது பக்கச் சாய்வை விடாமல், மிக லேசாக வைத்துக்கொண்டு, போனை மேல்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். குண்டு இடது சுவரை உரசியபடி ஏறும். ஓட்டைக்கு நேரே வரும்போது பயத்தில் கை வேகமாக இடது பக்கம் வெட்டும். வெட்டினால் குண்டு சுவரில் மோதித் துள்ளி, வலது பக்கம் திரும்பி, நேராக ஓட்டைக்குள் போகும். ஓட்டையருகே குண்டு விழுவது பெரும்பாலும் இந்தத் துள்ளலால்தான். இடது சாய்வு முதலிலிருந்தே இருந்திருந்தால் வெட்ட வேண்டிய தேவையே வராது. எனவே ஓட்டைக்கு முன்னால் புதிதாக எதையும் செய்யாதீர்கள். செய்ய வேண்டியதை மூலையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள், ஓட்டையை வெறுமனே கடந்து போங்கள்.

குண்டின் மையம் ஓட்டையின் விளிம்பைத் தாண்டினால்தான் அது விழும். விளிம்பில் பாதி தொங்கும் குண்டைக்கூடச் சில நேரம் மீட்டுவிடலாம், ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் ஒரே சாய்ப்பாக, தயங்காமல் சாய்த்தால். அங்கே மட்டும் மென்மை வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஓட்டை, நடுவில் குறுகிய பாலம், சுவரே கிடையாது என்றால்? பாலத்துக்கு முன்னால் குண்டை நிறுத்துங்கள், பக்கவாட்டு வேகம் துளியும் இல்லாமல். பிறகு முன்னால் சின்னதாக ஒரு சாய்ப்பு, உடனே மட்டம். குண்டு தன் வேகத்திலேயே நேராகப் போகட்டும். பாலத்தின் மேல் இருக்கும்போது இடம் வலம் திருத்தத் தொடங்கினால் ஒவ்வொரு திருத்தமும் இன்னொரு திருத்தத்தைக் கேட்கும். மிக மெதுவாகப் போவதும் ஆபத்துதான்: மெதுவாகப் போனால் பாலத்தில் இருக்கும் நேரம் கூடுகிறது, கை நடுக்கம் வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. நடை வேகம் போல ஒரு மிதமான வேகம் இருக்கிறது, சில தடவை விழுந்தால் கைக்கு அது பிடிபட்டுவிடும்.

கடிகாரத்தையும் நட்சத்திரங்களையும் இப்போது கண்டுகொள்ளாதீர்கள். ஒரு லெவலை விழாமல் முடிக்க வந்த பிறகு வேகம் தானாகவே வரும்.

சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைப்பது

குண்டு ரொம்ப ஓடுகிறது என்று எல்லோரும் முதலில் இதைத்தான் குறைக்கிறார்கள். எனக்கு இதில் வேறு கருத்து. குறைத்தால், குண்டை நகர்த்தவே 20, 25 டிகிரி சாய்க்க வேண்டியிருக்கும். திரை கண்ணை விட்டுத் திரும்பிவிடும், வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். அதைவிட, எதிர்ச்சாய்வுக்குப் போகக் கை அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும், அதற்குள் குண்டு போய்விடும். நடுநிலையிலேயே வைத்துவிட்டு, கையசைவைச் சிறிதாக்கப் பழகுங்கள்.

கை நடுங்குபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். அமைப்புகளில் 'டெட் ஜோன்' இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். சின்ன நடுக்கங்களை விளையாட்டு கண்டுகொள்ளாது. 'ஸ்மூத்திங்' என்றும் ஒன்று சிலவற்றில் இருக்கும். சென்சாரின் சிலும்பலைச் சீராக்கும், ஆனால் குண்டு உங்கள் கைக்கு ஒரு கணம் பிந்தியே நடக்கும். தேவை இல்லாமல் கூட்டாதீர்கள். சாய்வுக்குப் பதிலாகத் திரையிலேயே விரலால் தள்ளும் வசதியைத் தரும் விளையாட்டுகளும் உண்டு. மணிக்கட்டில் வலி உள்ளவர்கள் அதைத் தேடி எடுப்பது நல்லது.

அடுத்து எதை ஆடலாம்

லேபிரிந்த் கைக்கு வந்த பிறகு, அதே சாய்வை வேறு விதமாகக் கேட்கும் புதிர்கள் இருக்கின்றன. 2008 டிசம்பரில் வந்த 'ரோலாண்டோ' பலகையை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்க வைத்தது. குட்டி உருண்டை மனிதர்களை மேடு பள்ளங்களில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தீர்களோ அவர் மட்டும்தான் உருள்வார், அதனால் யோசிக்கவும் வேண்டியிருக்கும்.

இன்னொரு வகையில் கைத்திறனே தேவைப்படாது. போனை ஒரு பக்கம் சாய்த்தால் பலகையிலுள்ள எல்லாக் கட்டைகளும் சுவரிலோ இன்னொரு கட்டையிலோ முட்டும்வரை ஒரே ஓட்டமாகப் போய் நிற்கும். நடுவில் நிறுத்த முடியாது. நாலு திசைகளில் எதை, எந்த வரிசையில் என்பதுதான் புதிர். கை நடுக்கத்தால் குண்டு உருட்ட முடியாதவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். அங்கேயும் முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் வழக்கம் பலன் தரும்: வெற்றிக் குழியில் விழ வேண்டிய கட்டை அதற்கு முந்தைய சாய்வில் எந்தச் சுவரில் முட்டி நின்றிருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

பிள்ளைகளிடம் கொடுக்கும்போது

சின்னப் பிள்ளைகள் குண்டோடு சேர்ந்து உடம்பையே சாய்ப்பார்கள், போன் கைநழுவும். மெத்தையிலோ பாயிலோ உட்கார வைத்துக் கொடுங்கள். அவர்களுக்கு ஓட்டைகள் குறைவாக, சுவர்கள் அதிகமாக உள்ள லெவல்களைத் தேர்ந்தெடுங்கள். இலவச விளையாட்டுகளில் லெவல்களுக்கு நடுவே விளம்பரம் வரும், அதில் ஆசைகாட்டும் பட்டன்கள் இருக்கும். விளையாட்டு இணையம் இல்லாமலும் ஓடுமானால், மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டே கொடுத்துவிடலாம்.

போன் கை மாறும்போதெல்லாம் காலிப்ரேஷனும் மாற வேண்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவைத்த மட்டம், தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்து ஆடும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சேராது. குண்டு தானாக ஓடினால் பிள்ளை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அதன் கையில் போனைக் கொடுத்து, அது எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே பிடிக்கவிட்டு, 'ரீசென்டர்' பட்டனை நீங்கள் தொட்டுவிடுங்கள்.